முன்பள்ளிப் பெற்றோர் சங்கம்: 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், எங்கள் ஆசிரியைக்கும், தேயிலை மலையிலிருந்து நேரே கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வருடம் செயற்குழு ஒன்பது தடவை கூடியது. கூரைத்தகடு மாற்றியது, தண்ணீர்த் தாங்கி கழுவியது எல்லாம் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. இங்கே சொல்ல வேண்டியது சுதந்திர தினமும் புத்தகங்களும்தான்.

பெப்ரவரி 4 ஞாயிற்றுக்கிழமை என்பதால் 2 ஆம் திகதி வெள்ளிக்கிழமையே விழாவை வைத்தோம். அதற்கு முந்திய கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் எழுந்து, "1948 ல இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்சது. அதே வருஷம் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால எங்க தோட்டத் தமிழ் ஆளுகளுக்குப் பிரஜாவுரிமை இல்லாமப் போச்சு. பிள்ளைகளுக்கு என்னத்தைக் கொண்டாடிக் காட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தேத்தண்ணீர் ஆறும்வரை பேசினோம். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டத்தை விளக்க முடியாது, கொடியைக் காட்டலாம், பெரியவர்கள் மத்தியில் பழைய கதையை மறைக்கவும் வேண்டாம் என்று முடிவானது.

ஆகவே கொடியேற்றியது மேல் லயத்து, அதாவது மேல் வரிசைத் தொழிலாளர் வீட்டு, பாட்டி. எங்களவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்த 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்கு அடையாள அட்டை கிடைத்தது. பாதியில் கயிறு சிக்கிக்கொண்டது. "மெதுவா வா தாயி" என்று கொடியோடு பேசியே மேலே அனுப்பினார்.

தேசிய கீதத்தில் முதல் இரண்டு அடிகளை மட்டும் தமிழில் பழக்கியிருந்தோம். 2016 இல் கொழும்பில் அரச சுதந்திர தின விழாவில் அது தமிழில் பாடப்பட்டபோது தொலைக்காட்சிக்கு முன்னால் கண் கலங்கியவர்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகளுக்கு அது ஒரு பாட்டு, அவ்வளவுதான். தொண்டை கிழியப் பாடினார்கள்.

அப்புறம் கொடிக்கு நிறம் தீட்டல். செம்மஞ்சள் பட்டி தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, இரண்டும் 1951 இல் சேர்ந்தவை என்று ஆசிரியை தாய்மாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சண்டை தொடங்கிவிட்டது. செம்மஞ்சள் பென்சில் மூன்றுதான் இருந்தது. ஒரு பையன் சிங்கத்துக்கே பச்சை அடித்துவிட்டு, "தேயிலைக்குள்ள நிக்குது டீச்சர்" என்றான். நாங்கள் திருத்தவில்லை.

புத்தக விஷயம். படப் புத்தகங்களை இத்தனை நாளும் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தோம். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற பயம். சாவி என்னிடம்தான் இருந்தது, பிழையும் என்னுடையதுதான். ஜூன் மழையில் திறந்து பார்த்தால் ஒரு பிள்ளையின் கையும் படாமலே பாதிக்குப் பாதி பூஞ்சணம் பிடித்திருந்தது. சரி, கிழிந்தாலும் பரவாயில்லை என்று வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கத் தொடங்கினோம். பழைய சாரித் துணியில் பை தைத்துத் தந்தவர்கள் கீழ் லயத்துத் தாய்மார்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் தாய்க்கு வாசித்துக் காட்ட ஏது தெம்பு? பல வீடுகளில் அந்த வேலை பாட்டிமாரிடம் போனது. எழுத்துத் தெரியாத பாட்டி படத்தைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்குக் கதை சொல்வார். ஒரு திங்கட்கிழமை ஆசிரியை யானைக் கதையை உள்ளபடி வாசிக்க, ஒரு சின்னப் பெண் குறுக்கே எழுந்து, "பிழை டீச்சர், ஆனை ரொட்டி கேட்டுத்தான் வந்துச்சு" என்றாள். ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டு மீதிக் கதையை அவளையே சொல்ல விட்டார். படப் புத்தகத்தால் ஆக வேண்டியது இதைவிட வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு குறை. நம்மிடமுள்ள புத்தகங்களில் கடல் இருக்கிறது, பனைமரம் இருக்கிறது, கொழுந்துக்கூடை இல்லை. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாங்களே ஒன்று செய்தோம். தண்ணீர்ப் பீலி, லயத்து நாய், கொழுந்து லொறி. பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதினார். லொறிப் படத்தின் கீழே, "அம்மா இதுக்குள்ள இல்ல, அம்மா பறிச்சதுதான் இருக்கு" என்றிருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டு புத்தகங்கள் இன்னும் வரவில்லை. யார் வீட்டில் என்று தெரியும், கேட்கப்போவதில்லை. கலண்டர் புத்தகத்துக்குத்தான் வெள்ளிக்கிழமைகளில் இழுபறி, அதற்கு இரண்டாம் பிரதி வேண்டும். பழைய கலண்டர் வைத்திருப்பவர்கள் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

செயலாளர்