சனிக்கிழமை மாடியில் படம்: இந்த முறை கார்ட்டூன்

மக்களே, சனி இரவு 7:30, லாஸ்பேட்டை வீட்டு மொட்டை மாடி. எல்லாரும் பத்து தடவை பார்த்த டிஸ்னி படங்கள் வேண்டாம் என்று முடிவு.

என் ஓட்டு ‘தி ரெட் டர்ட்டில்’ (2016) படத்துக்கு. ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோவும் சேர்ந்து தயாரித்தது, இயக்கியவர் நெதர்லாந்துக்காரர். தீவில் ஒதுங்கிய ஒருவன் தெப்பம் கட்டிக் கிளம்பும்போதெல்லாம் ஒரு பெரிய சிவப்பு ஆமை அதை உடைத்துவிடும். அதற்கு மேல் சொன்னால் அடிப்பீர்கள். 80 நிமிடம்தான், வசனமே கிடையாது. போன முறை மாதிரி சப்டைட்டில் சண்டை வராது. பங்குனி ஆமை கரையேறும் கடற்கரையில் வளர்ந்த நமக்கு இது இன்னும் ஒட்டும்.

குட்டிகள் முழித்திருந்தால் அப்புறம் ‘சாங் ஆஃப் த சீ’ (2014). அயர்லாந்துப் படம், கையால் வரைந்தது. களிமண் பொம்மைகளை வைத்து எடுத்த ‘மேரி அண்ட் மேக்ஸ்’ (2009) அருமைதான், ஆனால் பெரியவர்களுக்கான கனமான கதை, பிள்ளைகள் இல்லாத இன்னொரு நாள் பார்க்கலாம்.

கடலூர் கோஷ்டி கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம், இங்கேயே படுத்துக்கொள்ளலாம். பாய் கொண்டு வாருங்கள். திரைக்கு வெள்ளை வேட்டி யாரிடம் இருக்கிறது? கறை இல்லாததாக.