சோம்புத் தட்டில் வைக்கும் காசு

மதுரை

அன்புள்ள நடராஜன்,

டல்லாஸிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மகளும் பேரனும் நலமென்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை.

உணவகத்தில் பில் தொகைக்கு மேல் 18, 20, 25 விழுக்காடு என்று திரையில் காட்டி ஒன்றைத் தொடச் சொல்வதைப் பற்றிக் கொதித்து எழுதியிருந்தாய். சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்த பிறகு பரிமாறியவரின் சம்பளத்தையும் நான்தான் கொடுக்க வேண்டுமா என்பது உன் கேள்வி. நீ இருக்கும் டெக்சாஸில் ஆம், பெரும்பகுதியை நீதான் கொடுக்கிறாய். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது அங்குள்ள சட்டம். 1991 முதல் அந்தத் தொகை மாறவில்லை. டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். ஆனாலும் நீ கொடுக்காமல் எழுந்து வந்தால் அடி விழுவது அந்தப் பரிமாறுபவருக்குத்தான். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் இந்தச் சலுகை முதலாளிக்குக் கிடையாது. முழுக் கூலியையும் முதலாளியே கொடுத்தாக வேண்டும். ஊர் திரும்பும்வரை முகம் சுளிக்காமல் கொடுத்துவிடு என்பேன்.

நம்மூர்க் கதை வேறு. உணவக வேலைக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. டிப்ஸ் கிடைக்கிறது என்பதற்காக அதில் கைவைக்க முதலாளிக்கு உரிமையில்லை. ஏட்டில் உள்ளதெல்லாம் மாசி வீதியின் ஒவ்வொரு கல்லாவிலும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடுக்க வேண்டியவர் யார் என்பதில் குழப்பமில்லை. சோம்புத் தட்டில் வைக்கும் பத்து இருபது ரூபாய் நம் மனத்திலிருந்து வருவதாகவே இருக்க வேண்டும்.

அந்தத் தட்டும் இப்போது காலியாகிவிட்டது. எல்லாரும் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறார்கள். மீதிச் சில்லறை என்று ஒன்று வந்தால்தானே அதில் கொஞ்சம் மிஞ்சும்? நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையின் சப்ளையர், "காசையே கண்ணால பார்க்கிறதில்லை சார், எல்லாம் முதலாளி கணக்குக்குப் போயிடுது" என்றார். அவர் குறை சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

எதிர்பார்ப்பு எங்கே வருகிறதோ அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. பைபாஸ் சாலைப் பக்கம் ஒரு குளிர்சாதன உணவகத்தில் கேட்காமலேயே பில்லில் சேவைக் கட்டணத்தைச் சேர்த்திருந்தார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்காடியும் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதைச் சொன்னதும் மேலாளர் மறுபேச்சின்றி நீக்கிவிட்டார். பரிமாறிய பையனின் முகம் வாடியது. அவன் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, முதலாளி என் சட்டைப்பைக்குள் கையை விடுவதுதான் பிடிக்கவில்லை.

மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளுபவர் முதலில் "டீக்காசு" கேட்டுவிட்டு நோயாளியைத் தொடுகிறாரே, அதை டிப்ஸ் என்று யாராவது சொல்வார்களா? வாடகைக் கார் செயலியில் வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்பதும் அதே வகைதான். 2025 மே மாதத்தில் அதே ஆணையம் அதற்காக ஒரு நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. வேலை முடிந்தபின் கொடுப்பதும், கொடுத்தால்தான் வேலை என்பதும் ஒன்றல்ல.

எனக்குள்ள உண்மையான மனக்குறை வேறொன்று. நம் காசு எப்போதும் முகம் தெரிகிற சப்ளையருக்கே போகிறது. கல்லின் முன் வெந்துகொண்டு வீச்சு பரோட்டா அடிக்கும் மாஸ்டருக்கும், பின்கட்டில் அண்டா தேய்க்கும் அம்மாவுக்கும் அதில் ஒரு ரூபாயும் சேர்வதில்லை. பிரிட்டனில் டிப்ஸ் முழுவதையும் தொழிலாளர்களுக்கே நியாயமாகப் பங்கிட வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நீ கொடுக்கும் அந்த 18 விழுக்காட்டில் சமையற்கட்டுக்கு ஏதாவது போகிறதா என்று அடுத்த முறை பரிமாறுபவரிடமே கேட்டு எழுது. மகளுக்குச் சங்கடமாக இருந்தால் அவள் கார் எடுக்கப் போன நேரத்தில் கேள்.

அன்புடன்,
சுந்தரம்