பிபிசி ஆர்க்கைவ்காரங்களே, ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையைக் குடுங்க

பிபிசியில பழைய ஒலிப்பதிவுகளைக் காபந்து பண்ணிட்டு இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

நான் லண்டன் பக்கம் தலை வச்சுக்கூட படுத்ததில்ல. ஆனா ராத்திரி பாத்திரம் தேய்க்கறப்ப காதுல ஓடறது பூரா 1950கள்ல உங்க ரேடியோவுல வந்த காமெடிதான். கூன் ஷோ, ஹான்காக்ஸ் ஹாஃப் அவர், டேக் இட் ஃப்ரம் ஹியர்னு எல்லாம் கேட்டாச்சு, திரும்பவும் கேட்டாச்சு. கூன் ஷோ எழுதின ஸ்பைக் மில்லிகன் பொறந்தது நம்ம அகமத்நகர்ல, அதனால கொஞ்சம் உரிமையாவே கேக்கறேன்னு வச்சுக்கோங்க.

உங்க மேல ஒரே ஒரு வருத்தம். கல்யாணப் பந்தியில உக்கார வச்சு பாயசத்தை மட்டும் ஊத்திட்டு எலையை மடிங்கன்னா எப்படி? ஹிட்டான ஷோவை மட்டும் எடுத்து எடுத்து போடறீங்க. அதுக்கு முன்னாடி என்ன ஓடுச்சு, பின்னாடி என்ன ஓடுச்சு, அறிவிப்பாளர் நடுவுல என்ன சொன்னாரு, எதுவும் தெரிய மாட்டேங்குது. அந்தக் காலத்து வீட்ல ரேடியோங்கறது காலையில திருகி விட்டா ராத்திரி வரைக்கும் அது பாட்டுக்கு ஓடற சாமான், அரை மணி நேரத் துண்டா யாரும் கேக்கல.

அதனால எனக்கு வேண்டியது ஒரு முழு நாள். 1951 ஜனவரியில ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, லைட் புரோகிராம் சேனல். ஏன் அந்த மாசம்னா, டிக் பார்ட்டன்ங்கற துப்பறியற சாகசத் தொடரும் தி ஆர்ச்சர்ஸ்ங்கற விவசாயக் குடும்பத் தொடரும் ஒரே காலத்துல ஓடினது அந்த மூணு மாசம் மட்டும்தான். ஆர்ச்சர்ஸ் ஜனவரி 1ஆம் தேதி நாடு பூரா கேக்கற மாதிரி ஆரம்பிச்சுது, பகல்ல. டிக் பார்ட்டன் சாயங்காலம் 6.45க்கு. மார்ச் கடைசியில பார்ட்டனை நிறுத்திட்டு அந்த நேரத்தை ஆர்ச்சர்ஸுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்க. துப்பாக்கியோட ஓடிட்டு இருந்த ஆள் போய் மாடு கன்னு வந்துருச்சு. பார்ட்டனைக் கேட்டுட்டு இருந்த பசங்க எவ்வளவு நொந்திருப்பாங்க! என்ன பண்றது, ஆர்ச்சர்ஸ் இன்னிக்கு வரைக்கும் ஓடுது, பார்ட்டன் 711 எபிசோடோட சரி.

காலையில ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ். போஸ்ட் கார்டுல எழுதிப் போட்ட பொம்பளைங்க பேரைப் படிச்சு அவங்க கேட்ட ரெக்கார்டைப் போடறது. இலங்கை வானொலியில பேர் வராதான்னு காதைத் தீட்டி உக்காந்த வீட்ல வளந்தவன் நான், இது எனக்குப் புரியாதா? அதுல ஜார்ஜ் எல்ரிக்னு ஒருத்தர், தீம் மியூசிக் ஓடறப்பவே கூடச் சேர்ந்து பாடுவாரு, முடிக்கறப்ப தன்னை எல்ரிக் அம்மாவோட சின்னப் பையன்னு சொல்லிப்பாரு.

அப்புறம் 10.30க்கு மியூசிக் வைல் யூ வொர்க். போர்க்காலத்துல, 1940ல, ஃபேக்டரிக்காகவே ஆரம்பிச்சது. அரை மணி நேரம் நிறுத்தாம பேண்ட் வாசிக்கணும், ஸ்லோ பாட்டு வந்தா கை ஓயும், அதனால கூடாது. ஒரு அமெரிக்கப் பாட்டுல நடுநடுவுல நாலு தடவை கை தட்டணும், அதை இந்த நிகழ்ச்சியில போடவே கூடாதுன்னுட்டாங்க, ஏன்னா ஆளுங்க கையில இருக்கற ஸ்பேனரால மெஷின்லயே தட்டிருவாங்களாம். இதை யோசிச்ச ஆபீசர் யாரோ, கண்டிப்பா ஒரு நாளாவது ஷாப் ஃப்ளோர்ல நின்னு பாத்திருக்கணும்.

மத்தியானம் 1.45க்கு லிஸன் வித் மதர். "சௌகரியமா உக்காந்துட்டீங்களா? அப்ப ஆரம்பிக்கறேன்"னு சொல்லிட்டு கதை. கால் மணி நேரந்தான், குழந்தை அப்படியே சொக்கிரும், சரியா 2 மணிக்கு அம்மாவுக்கு வுமன்ஸ் அவர். எவ்வளவு கணக்கா வச்சிருக்காங்க பாருங்க. 1946ல வுமன்ஸ் அவரை முதல்ல நடத்தினது ஒரு ஆம்பளைங்கறது தனிக் கூத்து. அதுக்கப்புறம் சாயங்காலம் தொடர் நாடகத்துல மிஸஸ் டேல் வந்து டாக்டர் புருஷனை நெனச்சு கவலைப்படுவாங்க. தினமும் கவலைதான்!

ராத்திரி காமெடி. நீங்க காமெடிக்குன்னு ஒரு ரூல் புக் வச்சிருந்தீங்களே, கக்கூஸ் ஜோக் கூடாது, தேனிலவு ஜோடி கூடாது, முயலை வச்சு ஜோக் கூடாதுன்னு பட்டியல் போட்டு. அவ்வளவு கட்டு போட்டும் எழுதறவன் சந்துல பூந்து போயிட்டே இருந்தான். ரேடியோவுல பொம்மையைப் பேச வைக்கற ஆளுக்கு ஷோ குடுத்தவங்களும் நீங்கதான், பீட்டர் புரோவும் ஆர்ச்சி பொம்மையும். உதடு அசையறது யாருக்குத் தெரியப் போகுது, பாவம் டிவி வந்தப்புறம்தான் மாட்டினாரு.

இதெல்லாம் முழுசா இருக்காதுன்னு எனக்கும் தெரியும். பாதிக்கு மேல லைவ், ரெக்கார்ட் பண்ண டிஸ்க்குக்குக் காசு, டேப் வந்தப்புறம் அழிச்சு அழிச்சு அதுலயே எடுத்தாங்க. வெளிநாட்டு ஸ்டேஷனுக்கு வித்த டிஸ்க்குனாலயும், வீட்ல திருட்டுத்தனமா டேப் பண்ணி வச்ச புண்ணியவான்களாலயும் தப்பிச்சதுதான் நெறைய. பார்ட்டன்ல அசல் ஒலிப்பதிவு மிஞ்சினது ரொம்பக் கொஞ்சம். அதுக்காக வேற நாள்ல எடுத்ததை வெட்டி ஒட்டி அந்த நாள்னு சொல்லி ஏமாத்தாதீங்க. ரேடியோ டைம்ஸ் பத்திரிகையில வந்த நிகழ்ச்சிப் பட்டியலை நீங்களே ஆன்லைன்ல ஏத்தி வச்சிருக்கீங்க இல்ல, ஒண்ணு காணாமப் போயிருந்தா அதுல இருக்கற ரெண்டு வரியை ஒருத்தர் படிக்கட்டும், மீதி நேரம் சும்மா விடுங்க. அரை மணி நேரம்னா அரை மணி நேரமும் சத்தமே வேண்டாம். எவ்வளவு போச்சுன்னு அப்பத்தான் காதுக்கு ஒறைக்கும், நான் பாட்டுக்கு பாத்திரத்தைத் தேய்ச்சுட்டு இருக்கேன்.

6.45க்கு டிக் பார்ட்டன் வழக்கம் போல ஆபத்துல மாட்டற எடத்துல நிறுத்திருவாங்க. அங்க மட்டும் எதையும் சேக்காம அப்படியே விட்ருங்க, புதன்கிழமைக்குத் தனியா இன்னொரு லெட்டர் போடறேன்.