கோபன்ஹேகனில் இருக்கும் மகளுக்கு

அன்பு மலருக்கு,

நலம்தானே? தரங்கம்பாடிக் கோட்டையில் எடுத்த படங்களைத் தம்பி அனுப்பியிருப்பான். படத்தில் வராததை நான் எழுதுகிறேன்.

டான்ஸ்போர்க் என்ற அந்தக் கோட்டைக்குள் நம் தொல்லியல் துறை வைத்திருக்கும் அருங்காட்சியகம் பெரியதல்ல. சீனத்துத் தேயிலை ஜாடிகள், பீங்கான், வாள், ஈட்டி, சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகள், சுதை உருவங்கள். திமிங்கலத்தின் எலும்பும் இருக்கிறது. பேரன் வந்தால் அதைவிட்டு நகர மாட்டான்.

எனக்கு மனதில் நிற்பது வேறு. 1618இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் இலங்கையை நம்பித்தான் வந்தன. வழியில் நோயில் எத்தனையோ பேர் செத்தார்கள். இலங்கையில் காரியம் கைகூடாமல் கப்பல்களின் தளபதி ஓவே கெட்டே இந்தக் கரைக்கு வந்தார். மிளகு வாங்க வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார், கோட்டை எழும்பியது. அதே ஆண்டு நாயக்கர் டேனிஷ் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன் ஏட்டில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். அது நீ இருக்கும் ஊரில், தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது மலர்! நம் ஊர்க் கதையின் முதல் பக்கம் உன் பக்கத்தில் கிடக்கிறது.

அப்புறம் 1845இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். இங்கே வலை இழுத்தவர்களிடமும் நெசவு செய்தவர்களிடமும் யார் கேட்டார்கள்? கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாங்கியவர், விற்றவர் சாமான்கள்தான் அதிகம். அது எனக்கு வருத்தம்தான். ஒரு கட்டுமரமும் ஒரு தறியும் அங்கே நடுவில் இருக்க வேண்டும் என்று பார்வையாளர் பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

நீ ஒரு காரியம் செய். பொன் ஏட்டைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று காப்பகத்தில் கேள். கிடைத்தால் பேரனைக் கூட்டிப் போய், தமிழ் எழுத்தை அவனையே வாசிக்க வை. பழைய எழுத்து, தடுமாறுவான். பரவாயில்லை, தெரிந்த எழுத்தை மட்டும் காட்டட்டும்.

ஊருக்கு வரும்போது மழை முடிந்து தை மாதம் வாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா