வானொலிப் பாட்டுக்கு ஒரு பிற்பகல்

ஆசிரியருக்கு,

எங்கள் நூலகத்தில் ஞாயிறு பிற்பகல் நடந்த பழைய வானொலிப் பாடல் நிகழ்ச்சி பற்றிய உங்கள் செய்தி நாலு வரியில் முடிந்துவிட்டது. இன்னும் எழுதியிருக்கலாம். 1925-ல் கொழும்பில் தொடங்கிய நிலையம்தான் பிறகு இலங்கை வானொலியாக வளர்ந்தது. அதன் தமிழ்ச் சேவையை எங்கள் கடலோர ஊர்களில் உள்ளூர் நிலையம் போலவே கேட்டோம். அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ்.ராஜா என்றால் வீட்டு மனிதர்கள் மாதிரி. அன்று நூலகத்தில், அதே வானொலியின் அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பாணியில் போட்டியும் வைத்தார்கள். பாட்டு தொடங்க வேண்டிய எழுத்தைச் சொன்னதும் ஒரு பாட்டி பல்லவியோடு நிறுத்தாமல் சரணத்தையும் பாடி முடித்தார். சின்னப் பிள்ளைகள் விடாமல் கைதட்டினார்கள்.

அந்நாளில் வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் பல வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. நூலகத் துறை அவற்றைக் கேட்டு வாங்கி, டிஜிட்டலாக்கித் தர வேண்டும். அப்புறம், இந்த நிகழ்ச்சியை மாதம் ஒருமுறையாவது நடத்த வேண்டும்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி