எந்தப் பாடம் முதலில், எந்தப் பாடம் பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும் படிக்கப் போகிறவர்களுக்காகத் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என்னென்ன பாடங்கள் உண்டு, படித்து முடித்தால் எங்கெல்லாம் வேலை கிடைக்கும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. அந்தப் பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. 28 ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவள் நான். செமஸ்டர் தொடங்கும்போதெல்லாம் மாணவர்களை எதிரில் உட்கார வைத்து, அவர்களுடைய பாடத் திட்டத்தைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். விடுபட்ட அந்த வரியை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாணவர்கள் கொண்டுவரும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மரபணுத் திருத்தம், நோய் எதிர்ப்பியல், புற்றுநோய் உயிரியல் எல்லாம் முன்னால் இருக்கும். பௌதிக வேதியியல் கடைசி ஆண்டுக்குப் போயிருக்கும். அதற்குக் கீழே, இடம் இருந்தால், புள்ளியியல். நானும் மாணவியாக இருந்தபோது இப்படித்தான் செய்தேன். தடுக்க ஆள் இல்லை. உயிரணுவில் வினைகளை விரைவுபடுத்தும் நொதிகளின் வினைவேகத்தை நடத்தினார்கள். 1913இல் மைக்கேலிசும் மெண்டனும் எழுதிய சமன்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். வினை தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும்போது இருக்கும் வினைபடுபொருளின் செறிவுதான் மைக்கேலிஸ் மாறிலி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் செறிவு கூடக்கூட வேகம் எப்படிக் கூடுகிறது என்று காட்டும் வளைகோடு ஏன் மேலே போகப் போகத் தட்டையாகிறது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். கடைசி ஆண்டில் வினைவேக விதிகளையும், இடையில் உருவாகும் பொருளின் அளவு மாறாமல் நிற்கும் என்று கொள்ளும் நிலைத்த நிலைக் கொள்கையையும் படித்த ஒரு பிற்பகலில் அது விளங்கியது. அதற்குள் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. அந்த இரண்டு ஆண்டுகளும் நான் படித்த உயிர்வேதியியல் பாதிப் படிப்புதான் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

என் மாணவி ஒருத்தியின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். மூலக்கூறு உயிரியலில் வகுப்பிலேயே முதலிடம் பெற்றவள். ஆய்வுத் திட்டத்துக்காக ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்மின்சுமை உள்ளவற்றைப் பிடித்துக்கொள்ளும் பிசின் நிரப்பிய குழாயில் கலவையை ஊற்றினால், வேண்டாத புரதங்கள் ஒட்டிக்கொள்ள, அவளுக்கு வேண்டியது மட்டும் வழிந்து கீழே வர வேண்டும். மூன்று வாரமாக அது வரவில்லை. பிசினை மாற்றினாள், உப்பின் அளவை மாற்றினாள், புதிதாகப் பாக்டீரியா வளர்த்தாள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலின் பி.எச். (அமில, கார அளவு) மதிப்பை எங்கே வைத்துச் சரிசெய்தாய்? மேசைமேல், 25 டிகிரியில், 7.5 என்றாள். குழாயை ஓட்டியது 4 டிகிரி குளிர் அறையில். அவள் பயன்படுத்தியது ட்ரிஸ் என்னும் தாங்கல். வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் அதன் பி.எச். ஏறத்தாழ 0.03 உயரும். 21 டிகிரி குறைந்ததில் 7.5 என்பது 8.1 ஆகிவிட்டது. அவளுடைய புரதத்தின் மின்சுமை சுழியாகும் புள்ளி இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நேர்மின்சுமையோடு வழிந்து வர வேண்டியது எதிர்மின்சுமை பெற்றுப் பிசினோடு ஒட்டிக்கொண்டது. குளிர் அறையிலேயே பி.எச். சரிசெய்து ஓட்டியதும் புரதம் வந்துவிட்டது. சமநிலை மாறிலி வெப்பநிலையோடு மாறும் என்பது பௌதிக வேதியியலின் தொடக்கப் பாடம். அதை அவள் அடுத்த செமஸ்டருக்கு வைத்திருந்தாள்.

கரிம வேதியியலும் அப்படித்தான். சர்க்கரையை உடைக்கும் கிளைக்காலிசிஸ் பாதையில் 10 படிகள். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த கார்பனைல் தொகுதியின் குணம் தெரியாதவருக்கு அவை 10 தனித்தனிப் பெயர்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். இரண்டு கார்பனைல் மூலக்கூறுகள் ஒன்றாக இணையும் ஆல்டால் வினையைப் படித்துவிட்டு வருகிறவருக்கோ, ஆறு கார்பன் மூலக்கூறு மூன்று மூன்றாகப் பிளக்கும் நான்காம் படி அதே வினை பின்னோக்கி நடப்பதாகத் தெரியும். எங்கே பிளக்கும் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

முதல் ஆண்டு முழுவதும் வேதியியலும் நுண்கணிதமும் என்றால் ஆர்வம் செத்துவிடும் என்று மாணவர்கள் சொல்வார்கள். அது நியாயமான கவலை. அதற்குத்தான் மரபியலை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்வேன். அது வேதியியலுக்காகக் காத்திருக்க வேண்டிய பாடம் அன்று. 1866இல் வெளிவந்த மெண்டலின் கட்டுரை எண்ணிக்கையாலும் விகிதங்களாலும் ஆனது. செல் உயிரியலையும் அதனோடு எடுக்கலாம். இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியல், அது முடிந்தபின் உயிர்வேதியியலின் முதல் பகுதி. வெப்ப இயக்கவியலும் வினைவேகவியலும் இரண்டாம் பகுதிக்கு முன்னால் வந்துவிட வேண்டும். மிகப் பிந்தினால் அதனோடு சேர்ந்தாவது வர வேண்டும். நோய் எதிர்ப்பியல் போன்ற விருப்பப் பாடங்கள் கடைசி ஆண்டுவரை காத்திருந்தால் எந்த நட்டமும் இல்லை.

புள்ளியியலைச் செய்முறை வகுப்பு தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். நொதி வினையின் வேகத்துக்கும் செறிவுக்கும் பதில் அவற்றின் தலைகீழ் மதிப்புகளை (1/வேகம், 1/செறிவு) வைத்து வரையும்படி லைன்வீவர், பர்க் இருவரும் 1934இல் தந்த வரைபடத்தை இன்றும் மாணவர்கள் அளவுகோல் வைத்து நேர்கோடாக இழுக்கிறார்கள். வேகம் 1.00 என்று வர வேண்டிய இடத்தில் 0.98 வந்தால் அதன் தலைகீழ் 1.02, பிழை கண்ணுக்கே தெரியாது. 0.10க்குப் பதில் 0.08 வந்தால் 10 என்பது 12.5 ஆகிவிடும். அளவீட்டில் பிழை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் கோடு எந்தப் பக்கம் சாய்வது என்பதை நம்பகம் குறைந்த அந்தப் புள்ளியே தீர்மானித்துவிடுகிறது.

இரண்டு பெரிய செய்முறைப் பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுக்க வேண்டாம். கால அட்டவணையில் நான்கு மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். பாக்டீரியா வளர்ந்து முடிவதற்கும் மூலக்கூறுகளைப் பிரிக்கும் ஜெல் ஓடி முடிவதற்கும் பிறகு அறிக்கை எழுதுவதற்கும் ஆகும் நேரம் அதில் வராது.

மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. ஒரு தாளின் அடியில் கடைசி செமஸ்டரின் ஆய்வுத் திட்டத்தை எழுதுங்கள். அதற்கு எந்தப் பாடம் வேண்டும், அந்தப் பாடத்துக்கு எது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு மேலே ஏறுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் அது எந்த செமஸ்டரில் நடத்தப்படும் என்பதைத் துறையில் விசாரித்துக் குறியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் பாடத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஓர் ஆண்டு ஆகும். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் சேர்ந்து தள்ளிப்போகும். பாடங்களைப் பதிவு செய்யும் நாளுக்கு முன்பே இந்தக் கடிதம் வெளிவந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை