பெரிய தொலைநோக்கிக்கு முன் மவுண்ட்டைக் கவனி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஓரியன் நெபுலா (விண்வெளியில் ஒளிரும் வாயு, தூசி மேகம்) படத்தில் விண்மீன்கள் அனைத்தும் ஒரே திசையில் சிறு கோடுகளாக நீண்டிருப்பதைப் பார்த்தேன். இன்னும் பெரிய தொலைநோக்கி வாங்கினால் இது சரியாகுமா என்று கேட்டிருக்கிறாய். சரியாகாது, எடையும் குவியத் தொலைவும் கூடுவதால் கோடுகள் இன்னும் நீளும் என்றே நினைக்கிறேன்.

பூமி சுழல்வதால் வானம் வினாடிக்கு ஏறத்தாழ 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. உன் 750 மி.மீ. குவியத் தொலைவில், கேமராவின் 4 மைக்ரான் பிக்சல் ஒன்று வானத்தில் 1.1 ஆர்க்செகண்ட் அளவையே காண்கிறது. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டின் மோட்டார் ஓடாவிட்டால் ஒரே வினாடியில் விண்மீன் 13 பிக்சலுக்கு மேல் விலகிவிடும் என்னும்போது, அந்த மோட்டார் எந்த அச்சைச் சுற்றி ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஈக்வடோரியல் மவுண்ட்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். துருவ விண்மீனை நடுவில் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வானத்தின் உண்மையான வட துருவப் புள்ளியிலிருந்து அரை டிகிரிக்கும் மேல் தள்ளி இருப்பதால், மவுண்ட்டின் அச்சு வழியே பார்க்கும் சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பில் அந்த நேரத்திற்குரிய இடத்தில் அதை நிறுத்த வேண்டும். இருட்டும்வரை காத்திருக்கும் பொழுதில் முக்காலியை மட்டப்படுத்திவிடு.

இதே நெபுலாவை 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் முதன்முதலில் படம்பிடித்தபோது, ஏறத்தாழ 50 நிமிடம் ஒரே தகட்டில் ஒளியைச் சேர்க்க வேண்டியிருந்தது. உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பது எவ்வளவு பெரிய வசதி! ஒரு நிமிடப் படங்கள் நூறு எடுத்து ஸ்டாக் செய்தால், அதாவது மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால், நெபுலாவின் ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் விழுந்து வலுப்பெற, தற்செயலான இரைச்சல் (படத்தில் தோன்றும் புள்ளிக் கறைகள்) ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துகொள்வதால், தெளிவு பத்து மடங்கு கூடும். நடுவில் காற்றோ விமானமோ கெடுத்த படங்களைத் தயங்காமல் நீக்கிவிடலாம். ஓரியனின் மையத்திலுள்ள டிரபீசியம் விண்மீன்கள் மட்டும் ஒரு நிமிடத்தில் வெளிறிப்போகும்; அவற்றுக்காகச் சில வினாடிப் படங்களைத் தனியே எடுத்து வை.

கேமராவின் சொந்தக் கறைகளைக் கழிக்க, மூடியை மூடி எடுக்கும் டார்க் ஃபிரேம்களை நெபுலாப் படங்களின் அதே எக்ஸ்போஷர் நேரத்திலும் அதே வெப்பநிலையிலும் எடு. சீரான ஒளியுள்ள பரப்பைப் படமெடுக்கும் ஃபிளாட் ஃபிரேம்களைத்தான் புதியவர்கள் தட்டிக்கழிக்கிறார்கள், அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஓரங்களின் இருளையும் தூசியின் வட்டங்களையும் அவற்றைப் போல் வேறெதுவும் நீக்காது. கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸை மாற்றாமல், கருவியைக் கழற்றுவதற்கு முன்பே அவற்றை எடுத்துவிடு.

அடுத்த முறை மெருகேற்றிய படத்தை அல்ல, கேமராவின் மூலக் கோப்புகளில் முதலாவதையும் கடைசியையும் அனுப்பு. இரண்டுக்கும் இடையே விண்மீன்கள் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தால், அச்சை எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று சேர்ந்து கணக்கிடலாம்.

அன்புடன்,
அண்ணன்